விஸ்காம் தெரியும்... 'விஷுவல் கல்ச்சர்' தெரியுமா? பிரிட்டனில் எம்.ஏ படிக்க எவ்வளவு செலவு, என்ன விசா, வேலை கிடைக்குமா? - முழு விளக்கம்

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே டேட்டா சயின்ஸ், எம்.பி.ஏ, நர்சிங் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் தமிழ், ஆங்கில இலக்கியம், விஸ்காம், ஃபைன் ஆர்ட்ஸ், வரலாறு, ஆர்க்கிடெக்சர் படித்தவர்களில் ஒரு பகுதியினர் 'விஷுவல் கல்ச்சர்' என்ற முதுகலைப் படிப்பைத் தேடுகிறார்கள்.

வீட்டில் இதைச் சொன்னால் வரும் முதல் கேள்வி, "அப்படின்னா என்ன?" இரண்டாவது கேள்வி, "இதுக்கா நாற்பது லட்சம்?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்தத் துறை வளர்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று பிரிட்டன். அங்கே சர்வதேச மாணவராகப் போய் இதைப் படிப்பது என்றால் என்ன, செலவு எவ்வளவு, விதிகள் என்ன, படித்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

விஷுவல் கல்ச்சர்னா என்ன?

சுருக்கமாகச் சொன்னால், நாம் பார்க்கும் படங்கள் நம்மை என்ன செய்கின்றன என்று படிக்கும் படிப்பு. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல. சினிமா போஸ்டர், கல்யாண ஆல்பம், சாமி காலண்டர், கட்சி பேனர், ஆதார் அட்டை போட்டோ, சிசிடிவி காட்சி, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ், செயற்கைக்கோள் படம் எல்லாமே இதற்குள் வரும்.

ஒரு படத்தை யார் எடுத்தார்கள்? யாருக்காக எடுத்தார்கள்? அதில் யார் இல்லை? அது எங்கே மாட்டப்பட்டது? அதைப் பார்க்கிறவர் என்ன நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது? இப்படித்தான் இந்தப் படிப்பின் கேள்விகள் இருக்கும்.

ஒரு உதாரணம். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைக்கப்பட்ட பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். சட்டம் படித்தவர் இதில் அனுமதியைப் பார்ப்பார். போக்குவரத்து நிபுணர் சாலைப் பாதுகாப்பைப் பார்ப்பார். விஷுவல் கல்ச்சர் படித்தவர், ஒரு கல்யாணத்துக்குக்கூட தலைவர் படத்தோடு சாலையை மறித்து பேனர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் ஊரில் எப்படி உருவானது என்று கேட்பார். மூன்றுமே தேவையான கேள்விகள்தான்.

விஸ்காமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். விஸ்காம் என்பது பெரும்பாலும் 'செய்ய' கற்றுத்தரும் படிப்பு. கேமரா, எடிட்டிங், டிசைன், விளம்பரம், அனிமேஷன் எல்லாம் அதில் இருக்கும்.

விஷுவல் கல்ச்சர் என்பது பெரும்பாலும் 'வாசிக்க' கற்றுத்தரும் படிப்பு. இதில் கேமரா கையில் கொடுக்க மாட்டார்கள். புத்தகம்தான் கொடுப்பார்கள். வாரத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் கோட்பாடு, வரலாறு, தத்துவம் என்று படிக்க வேண்டியிருக்கும். பரீட்சைக்குப் பதிலாக கட்டுரைகள் எழுத வேண்டும்.

"ஃபிலிம் மேக்கிங் கத்துக்கலாம்னு போனேன், ஒரே தியரியா இருக்கு" என்று இரண்டாவது வாரத்திலேயே சோர்ந்துபோவது இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்வதால்தான். படம் எடுக்க ஆசை என்றால் ஃபிலிம் ப்ராக்டிஸ், போட்டோகிராஃபி போன்ற வேறு எம்.ஏ-க்கள் இருக்கின்றன. பேராசிரியர்களிடம் பேசுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது?

1972-ல் பிபிசி தொலைக்காட்சியில் நான்கு பாகங்களாக ஒரு நிகழ்ச்சி வந்தது. பெயர் 'வேஸ் ஆஃப் சீயிங்'. அதை வழங்கியவர் எழுத்தாளர் ஜான் பெர்ஜர். அருங்காட்சியக ஓவியங்களையும் பத்திரிகை விளம்பரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி ஆசையைத்தான் விற்கின்றன என்று அவர் காட்டினார். அதே ஆண்டு அது புத்தகமாகவும் வந்தது. இன்றும் பல கல்லூரிகளில் முதல் வாரப் பாடம் அதுதான்.

1975-ல் லாரா மல்வி என்ற திரைப்படக் கோட்பாட்டாளர் எழுதிய ஒரு கட்டுரை, சினிமா கேமரா பெண்ணை ஆணின் கண் வழியாகவே பார்க்கிறது என்று வாதிட்டது. 'மேல் கேஸ்' என்று இன்று ரீல்ஸ் கமென்ட்களில்கூட புழங்கும் வார்த்தை அங்கிருந்து பிரபலமானதுதான்.

இந்த வரிசையில் முக்கியமான இன்னொருவர் ஸ்டூவர்ட் ஹால். இவரே ஒரு 'வெளிநாட்டு மாணவர்'. 1932-ல் ஜமைக்காவில் பிறந்தவர். ரோட்ஸ் உதவித்தொகையில் 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆங்கில இலக்கியம் படிக்க வந்தார். பிறகு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை வழிநடத்தினார். 1964-ல் தொடங்கிய அந்த மையம், டிவி, பத்திரிகை, இளைஞர்களின் உடை, இசை ஆகியவற்றையெல்லாம் பல்கலைக்கழகப் பாடமாக்கியது.

டிவி செய்தியைப் பற்றி ஹால் சொன்னது எளிமையானது. செய்தியைத் தயாரிப்பவர் ஒரு அர்த்தத்தோடு அனுப்புகிறார். பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்று பாதி மறுக்கலாம், முழுக்க எதிர்த்தும் வாசிக்கலாம். ஒரே பட்ஜெட் செய்தியை டீக்கடையில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பெருமையோடு இந்தக் கசப்பையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்: பர்மிங்காம் மையத்தின் வழிவந்த அந்தத் துறையை 2002-ல் பல்கலைக்கழகம் மூடிவிட்டது. உலகப் புகழ் இருந்தாலும் துறைகள் மூடப்படலாம். இது ஏன் இன்றைய மாணவர்களுக்கு முக்கியம் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஒரு போட்டோவால் என்ன ஆகிவிடும்?

கும்பகோணம் அருகே உள்ள சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை, ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1967-ல் லண்டன் ஏலத்தில் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அது கோயில் சிலைதான் என்பதற்கான முக்கிய ஆதாரம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. 1957-ல் கோயிலில் எடுக்கப்பட்ட அந்தப் படம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆவணத்தில் பத்திரமாக இருந்தது. 2019-ல் ஒரு ஆய்வாளர் இந்தப் பொருத்தத்தை அருங்காட்சியகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2024-ல் சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

ஒரு படம் எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று தேடுவது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

இன்னொரு உதாரணம், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2010-ல் எயால் வெய்ஸ்மன் தொடங்கிய 'ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர்' என்ற ஆய்வுக் குழு. மொபைல் வீடியோ, செயற்கைக்கோள் படம், நிழலின் நீளம் ஆகியவற்றை வைத்து போலீஸ் துப்பாக்கிச்சூடு, குண்டுவீச்சு போன்ற சம்பவங்களில் என்ன நடந்தது என்று மறுகட்டமைப்பு செய்கிறார்கள். இந்தக் குழு 2018-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலை விருதான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது.

பிரிட்டனில் எங்கே படிக்கலாம்?

'விஷுவல் கல்ச்சர்' என்ற பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி கோர்ஸ்கள் கண்ணில் படாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்.

• கோல்ட்ஸ்மித்ஸ், லண்டன்: விஷுவல் கல்ச்சர்ஸ் என்ற பெயரிலேயே துறை உருவான இடம். இங்கே எம்.ஏ-வின் பெயர் 'கன்டெம்பரரி ஆர்ட் தியரி'. ஸ்டூவர்ட் ஹால் பெயரில் ஒரு கட்டடமும் இங்கே உண்டு.

• யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்: இங்கே மானுடவியல் துறைக்குள் இந்தப் பாடத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. இந்திய சாமி படங்கள், போட்டோ ஸ்டூடியோக்கள் பற்றி எழுதிய கிறிஸ்டோபர் பின்னி இந்தத் துறையைச் சேர்ந்தவர்.

• சோவாஸ், லண்டன்: ஆசிய, ஆப்பிரிக்கக் கலை வரலாறுதான் இதன் பலம்.

• மான்செஸ்டர்: கிரனாடா மையத்தில் விஷுவல் ஆந்த்ரோபாலஜி. தியரியோடு படம் எடுக்கவும் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு இது பொருந்தும்.

• வெஸ்ட்மின்ஸ்டர், பர்க்பெக், கோர்ட்டோல்ட்: கலை வரலாறு, ஆர்ட் அண்ட் விஷுவல் கல்ச்சர், மியூசியம் ஆய்வு என வெவ்வேறு கோணங்கள்.

பல்கலைக்கழகப் பெயரைவிட, யார் பாடம் எடுக்கிறார்கள், அவர்கள் கடைசியாக என்ன எழுதினார்கள் என்று பார்ப்பது முக்கியம். எம்.ஏ ஆய்வேட்டுக்கு வழிகாட்டப் போவது அவர்கள்தான்.

துறை மூடப்படுமா?

இந்தக் கேள்வியை அட்மிஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் கடந்த சில ஆண்டுகளாக நிதி நெருக்கடியில் இருக்கின்றன. முதலில் கத்தி விழுவது பெரும்பாலும் கலை, மானுடவியல் துறைகள் மீதுதான். 2024-ல் கென்ட் பல்கலைக்கழகம் கலை வரலாறு உள்ளிட்ட பல பாடங்களை நிறுத்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு கோல்ட்ஸ்மித்ஸில் பெரிய ஆட்குறைப்புத் திட்டம் வந்து போராட்டம் நடந்தது.

அதனால், "இந்தக் கோர்ஸ் அடுத்த ஆண்டு கண்டிப்பாக நடக்குமா? விருப்பப் பாடங்களில் எவை உறுதி? இந்தப் பேராசிரியர் அந்த ஆண்டு விடுப்பில் இருக்கிறாரா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்பதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்?

ஏதாவது ஒரு மானுடவியல், கலை, சமூக அறிவியல், ஊடகப் பட்டம் இருந்தால் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பிக்கலாம். பொறியியல் படித்தவர்களையும் சில இடங்களில் எடுக்கிறார்கள், ஆனால் எழுத்து மாதிரி வலுவாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ் மதிப்பெண் 6.5 முதல் 7 வரை கேட்பது வழக்கம். எழுத்துப் பிரிவுக்குத் தனி வரம்பும் இருக்கும்.

விண்ணப்பத்தில் உயிர்நாடி, நோக்கக் கடிதம். "சிறு வயதிலிருந்தே எனக்கு சினிமா பிடிக்கும்" என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் குவிந்து கிடக்கும். "தமிழ் சினிமா போஸ்டர்கள்" என்ற தலைப்பும் மிகப் பரந்தது.

அதற்குப் பதிலாக இப்படி யோசிக்கலாம்: மதுரையில் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டரில் இறந்தவரின் படம் எந்த அளவில் இருக்கிறது, கீழே யார் யார் படம் வருகிறது, சாதிப் பெயர் எங்கே அச்சாகிறது? கையால் வரைந்த பேனர் போய் ஃப்ளெக்ஸ் வந்தபோது இதில் என்ன மாறியது? இது ஒரு ஆய்வுக் கேள்வி. ஊர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, காலம் இருக்கிறது. லண்டனில் இருக்கும் பேராசிரியருக்குத் தெரியாத ஒன்றும் மாணவர் கையில் இருக்கிறது.

வகுப்பு எப்படி இருக்கும்?

பிரிட்டனில் எம்.ஏ ஒரு வருடம்தான். மொத்தம் 180 கிரெடிட். செப்டம்பரில் ஆரம்பித்து அடுத்த கோடை முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். ஆய்வேடு பொதுவாக 10,000 முதல் 15,000 சொற்கள் இருக்கும்.

வாரத்துக்கு வகுப்பு நேரம் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கலாம். "இவ்வளவு ஃபீஸ் கட்டி இவ்வளவுதான் கிளாஸா?" என்று அதிர்ச்சியாக இருக்கும். மீதி நேரமெல்லாம் நூலகத்தில்தான் என்பது அவர்கள் கணக்கு. வகுப்பில் பேராசிரியர் நோட்ஸ் சொல்ல மாட்டார். எல்லோரும் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டும். பேராசிரியரை 'சார்', 'மேடம்' என்று கூப்பிட்டால் அவர்களே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். அதற்குப் பழகவே நம் ஊர் மாணவர்களுக்கு ஒரு மாதம் ஆகும்.

மதிப்பெண் விஷயத்திலும் தெளிவு வேண்டும். எம்.ஏ-வில் 50 எடுத்தால் தேர்ச்சி. 60-க்கு மேல் 'மெரிட்'. 70-க்கு மேல் 'டிஸ்டிங்ஷன்', அதாவது மிக உயர்ந்த நிலை. முதல் கட்டுரைக்கு 62 வந்தால் அது நல்ல மதிப்பெண். 90 எதிர்பார்த்து வீட்டுக்குப் போன் செய்து அழ வேண்டியதில்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

சர்வதேச மாணவர்களுக்கான கட்டணம் இந்தத் துறையில் 20,000 பவுண்டை ஒட்டி ஆரம்பித்து, சில இடங்களில் 30,000 பவுண்டைத் தாண்டும். கணக்குக்காக லண்டனில் கட்டணம் 22,000 பவுண்ட் என்றும், ஒரு பவுண்ட் 120 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

• கல்விக் கட்டணம்: 22,000 பவுண்ட், சுமார் 26.4 லட்சம் ரூபாய்

• விசாவுக்காகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு: லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்ட் வீதம் 9 மாதம், அதாவது 13,761 பவுண்ட், சுமார் 16.5 லட்சம் ரூபாய். இது 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட தொகை. லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்ட்.

• சுகாதாரக் கட்டணம்: ஆண்டுக்கு 776 பவுண்ட். ஒரு வருட எம்.ஏ-வுக்கு விசா காலம் கூடுதலாகக் கிடைப்பதால் மொத்தம் 1,164 பவுண்ட், சுமார் 1.4 லட்சம் ரூபாய்

• விசா கட்டணம்: 2025 ஏப்ரல் நிலவரப்படி 524 பவுண்ட், சுமார் 63,000 ரூபாய்

கூட்டினால் 37,449 பவுண்ட். ஏறத்தாழ 45 லட்சம் ரூபாய். இதில் விமான டிக்கெட் இல்லை. வாழ்க்கைச் செலவும் 9 மாதத்துக்குத்தான் கணக்கு, படிப்போ 12 மாதம்.

இதில் 40 லட்சத்தைக் கடனாக வாங்கி, 10 சதவீத வட்டியில் 15 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். அதாவது, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகலாம். இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

விசாவில் கவனிக்க வேண்டியவை

பணம் யார் அக்கவுன்ட்டில்? மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் இருக்கலாம். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் தேவை. மாமா, பெரியப்பா, அண்ணன் கணக்கில் இருக்கும் பணம் செல்லாது. தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விசா நிராகரிக்கப்படலாம். வங்கிக் கல்விக் கடன் கடிதத்தையும் காட்டலாம்.

காசநோய் பரிசோதனை: இந்தியாவிலிருந்து 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுத்த சான்றிதழ் கட்டாயம்.

குடும்பம்: 2024 ஜனவரி முதல், வகுப்பறை முறையிலான முதுகலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது.

வேலை: கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. எம்.ஏ மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பொதுவாகக் கல்விப் பருவமாகவே கணக்கு. "லீவ்ல ஃபுல் டைம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் கூடாது: இந்தத் துறை மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. கல்யாண போட்டோ எடுத்துப் பணம் வாங்குவது, லோகோ டிசைன் செய்து பில் போடுவது, சொந்தப் படைப்பை விற்பது எல்லாம் விதிமீறல் ஆகலாம். யூடியூப் வருமானமும் இதில் சிக்கலாம்.

கள ஆய்வு: ஆய்வேட்டுக்காக ஊருக்கு வந்து போட்டோ, பேட்டி எடுப்பதாக இருந்தால், முன்கூட்டியே பல்கலைக்கழக அனுமதியும் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். சொல்லாமல் கிளம்பி வந்தால் வருகைப் பதிவு பிரச்னையாகி விசாவையே பாதிக்கும்.

உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் போட்டி கடுமை.

• செவ்னிங்: பிரிட்டன் அரசின் முழு உதவித்தொகை. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை விண்ணப்பிக்கும் காலம்.

• இன்லாக்ஸ் அறக்கட்டளை: 30 வயதுக்கு உட்பட்ட இந்தியர்களுக்கு. பொறியியல், மேனேஜ்மென்ட் போன்ற படிப்புகளை எடுத்துக்கொள்வதில்லை என்பதால், கலை மாணவர்களுக்கு இங்கே வாய்ப்பு கூடுதல்.

• ஜே.என். டாடா எண்டோமென்ட்: 1892 முதல் இயங்குகிறது. இது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும்.

• ஃபீலிக்ஸ் உதவித்தொகை: சோவாஸ் உள்ளிட்ட சில இடங்களில் இந்திய மாணவர்களுக்கு.

• தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்: ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பாடப்பிரிவுகளின் பட்டியலைப் பார்த்து, சேரப்போகும் கோர்ஸ் அதில் எந்தத் தலைப்பில் வரும் என்று துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஒரு பெரிய தடை இருக்கிறது. பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்ப மாணவர்களுக்கான திட்டம் இது. 2022-ல் இதன் வழிகாட்டுதல்கள் மாற்றப்பட்டன. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது என்று சேர்க்கப்பட்டது. இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது அரசு தரப்பு வாதம். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருபவர் தன் சமூகத்தின் படங்களைப் பற்றி உலகத் தரத்தில் ஆய்வு செய்யும் கதவை இது அடைக்கிறது என்று கல்வியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். விஷுவல் கல்ச்சர் மாணவர்களை நேரடியாகத் தொடும் விதி இது. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை வரி விடாமல் படிக்க வேண்டும்.

படிச்சா வேலை கிடைக்குமா?

அருங்காட்சியகம், கேலரி, ஆவணக் காப்பகம், பதிப்பகம், ஏல நிறுவனம், ஓடிடி மற்றும் விளம்பர ஆய்வு, ஊடகங்களில் பட உண்மை சரிபார்ப்பு, பல்கலைக்கழகப் பணி என வழிகள் உண்டு. ஆனால் எந்த நிறுவனமும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்து நிற்காது.

பிரிட்டனிலேயே தங்குவது இன்னும் கடினம். படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு இது 18 மாதமாகக் குறைகிறது. அதாவது 2026 செப்டம்பரில் ஒரு வருட எம்.ஏ சேர்பவருக்கு 18 மாதம்தான். இந்த விசாவில் ஃப்ரீலான்ஸ் செய்யலாம். ஆனால் இதற்குத் தனி விசா கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணமும் உண்டு.

அதன் பிறகு வேலை விசாவுக்கு மாற, பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்ட். இளம் பட்டதாரிகளுக்குக் குறைந்த வரம்பு இருந்தாலும், அருங்காட்சியகங்களில் ஆரம்பநிலைச் சம்பளம் பெரும்பாலும் அதைக்கூட எட்டுவதில்லை. "போய் செட்டில் ஆகிடலாம்" என்ற ஒரே நோக்கத்தோடு போகிறவர்களுக்கு இந்தப் படிப்பு பொருந்தாது.

இந்தியா திரும்பினால்? ஒரு வருட பிரிட்டன் முதுகலையை அங்கீகரிக்க இரு நாடுகளும் 2022 ஜூலையில் ஒப்பந்தம் செய்துள்ளன. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்குவதற்கான புதிய விதிகளை யு.ஜி.சி 2025-ல் கொண்டுவந்தது. பேராசிரியர் ஆக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெட் தேர்வில் 'விஷுவல் கல்ச்சர்' என்ற பாடமே இல்லை. கலை வரலாற்றை உள்ளடக்கிய 'விஷுவல் ஆர்ட்' அல்லது இதழியல் தொடர்பு என்று ஏதாவது ஒன்றில்தான் எழுத வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்ன பலம்?

இந்தத் துறையில் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு பெரிய பாடம். எம்.ஜி.ஆரின் திரை பிம்பம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' 1992-ல் வந்தது. சென்னை கட்-அவுட், பேனர்கள் பற்றி பிரிமிந்தா ஜேக்கப் 2009-ல் புத்தகம் எழுதினார். சிவகாசி காலண்டர் தொழில் கஜ்ரி ஜெயின் 2007-ல் எழுதிய காலண்டர் கலை நூலின் முக்கியக் களங்களில் ஒன்று. கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமி படங்கள் பற்றியும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே சமயம் தமிழ்நாட்டின் பழைய படங்கள் பல லண்டனில் இருக்கின்றன. லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் மதுரை, தஞ்சாவூரை போட்டோ எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் உள்ளன. அந்த அருங்காட்சியகம் 2025 மே 31-ல் கிழக்கு லண்டனில் திறந்த புதிய சேமிப்பகத்தில், முன்பதிவு செய்தால் யாரும் ஒரே வருகையில் ஐந்து பொருட்கள் வரை எடுத்துக்காட்டச் சொல்லிப் பார்க்கலாம். மாணவர் அட்டைகூட தேவையில்லை.

இந்த ஆவணங்களில் இருக்கும் தமிழ் எழுத்தைப் படிக்கவும், படத்தில் இருப்பது எந்த மண்டபம், எந்தச் சடங்கு என்று சொல்லவும் தமிழ் தெரிந்தவரால்தான் முடியும். தமிழ் பி.ஏ படித்தவர் அங்கே போய்த் தயங்கி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவரிடம் இருக்கும் மொழி, ஒரு ஆராய்ச்சிக் கருவி.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஜான் பெர்ஜர், ஸ்டூவர்ட் ஹால் எழுதிய ஒரு புத்தகத்தையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் 45 லட்சம் மிச்சம்.

2. இந்தியாவிலேயே வழி இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லி ஜே.என்.யு-வின் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் எஸ்தெட்டிக்ஸ், பரோடா எம்.எஸ் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுத் துறை ஆகியவை இதே கேள்விகளை மிகக் குறைந்த செலவில் கற்றுத்தருகின்றன. இங்கே எம்.ஏ முடித்துவிட்டு, உதவித்தொகையோடு பிஎச்.டி-க்கு வெளிநாடு போவது கடன் இல்லாத பாதை.

3. கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. அவர்கள் பட்டியலில் இல்லாத நல்ல கோர்ஸ்களும் உண்டு. நேரடியாகப் பல்கலைக்கழக இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம்.

4. உதவித்தொகை விண்ணப்பம், அட்மிஷன் விண்ணப்பம் இரண்டையும் படிப்பு ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். அட்மிஷன் கிடைத்து உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால், சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். பல இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

5. விசா, கட்டண விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் நாளில் பிரிட்டன் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உதவித்தொகை கிடைத்தாலோ, கடன் சுமை தாங்கும் அளவில் இருந்தாலோ, கையில் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருந்தாலோ இந்தப் படிப்பு வாழ்க்கையின் திசையையே மாற்றலாம். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை என்றால், ஒரு வருடம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் உங்கள் ஊர் போட்டோ ஸ்டூடியோவில் தூசி படிந்து கிடக்கும் பழைய நெகட்டிவ்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு நோக்கக் கடிதத்துக்குத் தேவையான விஷயம் அங்கேயே கிடைக்கலாம்.